முடியாது என்று சொன்ன பிறகு

மனைவியை வெந்நீர் வைக்கச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிட்டு அவர் என்னிடம் கேட்டார்.

“சிஸ்டர், ஒரு ஊசி. ஒண்ணே ஒண்ணு போட்டு முடிச்சு விட்ருங்க.”

நான் அவருடைய குதிகாலைத் தூக்கிப் பிடித்து, படுக்கைப்புண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்த கால் கையிலேயே இருந்தது. அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை. நாக்கு தடித்தவர் போலத்தான் பேசுவார். அந்த வாக்கியத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார். பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது போலிருந்தது.

“என்னண்ணே சொல்றீங்க?” என்றேன்.

“உங்க காதுல விழுந்துச்சு. மதர்கிட்டக் கேட்டா செபமாலையக் கையில குடுப்பாக. சாமியார்கிட்டக் கேட்டா பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லுவாரு. நீங்க எங்க வேதம் இல்ல. அதான் உங்ககிட்டக் கேக்குறேன். உங்க சாமிக்கு இதுல கோவம் வராதுல்ல?”

நான் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுவோம். நர்சிங் முடித்ததிலிருந்து உடும்பஞ்சோலைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வண்டி ஒன்று எங்களுக்கு உண்டு. பாலியேட்டிவ் வண்டி என்று மலை முழுக்கத் தெரியும். புண்ணைக் கழுவுவோம், குழாய் மாற்றுவோம், வலிக்கு மருந்து கொடுப்போம். நோய் குணமாகாது என்று ஆன பிறகுதான் பெரும்பாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். அதனால் சாவைப் பற்றிய பேச்சு எனக்குப் புதிதல்ல. “கடவுள் என்னை எடுத்துக்கக் கூடாதா” என்று தினம் ஒருவராவது சொல்வார். அது புலம்பல். அதற்குப் பதில் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இவர் புலம்பவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

நான் காலை மெதுவாகக் கீழே வைத்தேன். “என்னால முடியாதுண்ணே” என்றேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், வெந்நீரோடு வந்துவிட்டார். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

அவர் ஜீப் ஓட்டியவர். போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மலையேறுகிற ஜீப்புகளில் ஒன்று அவருடையது. உள்ளே உட்கார இடமில்லாமல் பின்னால் தொற்றிக்கொண்டு வரும் பெண்களில் ஒருத்தியைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு இந்தப் பக்கமே தோட்டத்தின் ஓரத்தில் தகரம் போட்ட ஒரு வீட்டைக் கட்டிக் குடியேறிவிட்டார்கள். அக்கா ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாவியைத் திருகக் கட்டைவிரல் வரவில்லை. குளிர் என்று நினைத்தார். அடுத்து கியர் கம்பியை இடது கை பிடிக்கவில்லை. ஊரிலுள்ள வைத்தியமெல்லாம் பார்த்து, கடைசியில் கோட்டயத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகிற நோய். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. ஐம்பது வயதுகூட நிறையாத மனிதர்.

கை கால் விழுந்த பிறகும் அவர் ஜீப்காரராகவே இருந்தார். எங்கள் வண்டி மேட்டில் ஏறி வரும் சத்தத்தைப் படுக்கையிலிருந்தே கேட்பார். நான் உள்ளே நுழைந்ததும், “அந்த ஆள செகண்டு கியர்ல ஏத்தச் சொல்லுங்க சிஸ்டர். இஞ்சினு அழுவுது” என்பார். எங்கள் டிரைவர் வாசலில் நின்று தலையைச் சொறிவார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் மதரிடம் சொன்னேன். மதர் என்றால் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான மூத்த கன்னியாஸ்திரீ. பாலா ஊர்ப் பக்கத்து மலையாளி. எங்களோடு பேசிப் பேசி ஒரு மாதிரித் தமிழ் வந்திருந்தது. துவைத்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அல்லது சிலுவை போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இருவரும் சேர்ந்து மடித்தோம்.

“நீ என்ன பறஞ்சே மோளே?”

“முடியாதுன்னு சொன்னேன் மதர்.”

“சரி. அது சொல்லணும். பின்னே?”

“பின்னே ஒண்ணும் சொல்லல.”

“போன வாரம் அவரு இது கேட்டில்ல. இந்த வாரம் கேட்டு. அது ஏன்னு நீ கேட்டியோ?”

நான் கேட்கவில்லை. ஊசி போடச் சொல்லி அவர் கேட்டதும் எனக்கு வந்த பயம் அப்படி. சட்டம் விடாது, இந்த ஆஸ்பத்திரி விடாது, சரி. இரண்டும் விட்டால் நான் போடுவேனா என்று திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையை மதரிடம் சொல்லவும் தைரியமில்லை.

அடுத்த முறை போனபோது மதரும் வண்டியில் ஏறிக்கொண்டார். அவரைப் பார்த்ததும் இவர் முகம் என் பக்கம் திரும்பியது. மதரிடம் சொல்லிவிட்டீர்களே என்கிற பார்வை. மதர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செபமாலையை வெளியே எடுக்கவில்லை.

“சிஸ்டர் சொன்னா. எனக்குக் கோபம் இல்ல. பேசணும்னா பேசலாம். பேசலன்னா வெறுதே, சும்மா இருக்கலாம்.”

வெளியே தகரத்தில் ஏதோ காய் விழுந்து உருண்டது. பிறகு அவர் பேசினார். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து, நடுவே எச்சிலை விழுங்கச் சிரமப்பட்டுக்கொண்டு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அன்பியம் என்கிற ஜெபக்குழுக்காரர்கள் ஜெபம் சொல்ல வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர், “ஆண்டவர் தனக்குப் பிரியமானவங்களுக்குத்தான் இப்படிப் பாடுகளப் பரிசாத் தருவாரு” என்று சொல்லியிருக்கிறார்.

“அந்தப் பரிச அவரு ஊட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுங்க மதர். நான் ஜீப்புல ஏத்தி விடுறேன்.”

மதர் சிரிக்கவில்லை. “அது பரிசு இல்ல” என்றார். “பரிசுன்னு சொன்னது தெற்று. நான் மாப்பு கேக்கறேன். இது என்னன்னு எனக்குத் தெரியாது. ஞானும் அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்தின் பக்கம் மதரின் கை லேசாகப் போனது. நோயாளியின் கண்ணில் நீர் கோத்தது. துடைத்துக்கொள்ளக் கை வராது. நான் பஞ்சை எடுப்பதற்குள் மதர் தன் முக்காட்டின் ஓரத்தால் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான விஷயம் வந்தது. என்னிடம் ஊசி கேட்பதற்குச் சில நாள் முன்னால், அக்கா ஸ்டோருக்குப் போயிருந்தபோது மகள் அவருக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி அவருக்குப் புரையேறிவிட்டது. இருமவும் பலமில்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, பிள்ளை கிண்ணத்தைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்து நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் தட்டியதில் பிழைத்தார். அன்றிலிருந்து மகள் அந்த அறைக்குள் வருவதில்லை. வாசலிலிருந்து, “அப்பா, பள்ளிக்கூடம் போயிட்டு வாரேன்” என்பதோடு சரி.

“எம்புள்ள கண்ணு முன்னால நான் மூச்சு முட்டிச் சாகக் கூடாது. அம்புட்டுத்தான். இல்லாட்டி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயித் தொண்டையில குழாயச் சொருகுவீக. என்கூட வண்டி ஓட்டுனவன அப்பிடித்தான் வச்சிருந்தாக. கையக் கட்டிப் போட்டு, மிசினு மூச்சு விட்டுக்கிட்டு. போயிப் பாத்தேன். கண்ணால என்னைய என்னமோ கேட்டான். எனக்குப் புரியல. இப்பப் புரியுது. நீங்க சாகவும் விடமாட்டீக, கொல்லவும் மாட்டீக.”

அக்கா கதவோரம் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மதர் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “கொல்ல மாட்டோம். அது உறுதி. எங்களுக்கு அது பற்றாது, முடியாது. பக்ஷே குழாய் உங்களுக்கு வேண்டாம்னா, வேண்டாம்னு சொல்லலாம். அது பாபம் இல்ல. ஆத்மஹத்யையும் இல்ல. எங்க சபையும் மிஷின்ல கெடந்தே தீரணும்னு சொல்லல. யாரும் இது உங்ககிட்டச் சொல்லலியா?”

யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. கேட்டால்தானே சொல்வது என்று இருந்துவிட்டோம்.

அந்த வாரமே எங்கள் டாக்டர் வந்தார். தொண்டையில் குழாய் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் அக்காவுக்கும் நிதானமாகச் சொன்னார். ஜீப்காரர் குழாய் வேண்டாம் என்றார். சட்டம் கேட்கிறபடி அதை எழுதி வைத்தோம். மூச்சு முட்டுவதை அடக்க நாக்கில் விடும் மருந்தைக் கொண்டுவந்து, எவ்வளவு, எப்போது என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணிக் கஞ்சி கூடாது, கேப்பைக் கூழ் மாதிரிக் கெட்டியாக, கொஞ்சம் கொஞ்சமாக, தலையணை வைத்து நிமிர்த்தி, தாடையைத் தாழ்த்திப் பிடித்து ஊட்டவேண்டும்.

மகளை நான் அழைக்கவில்லை. அவளே ஒரு நாள் நிலைப்படி வரை வந்து நின்று பார்த்தாள். அடுத்த முறை உள்ளே வந்தாள். கரண்டியை அவளிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் கண்ணை மூடித் திறந்து, “வா” என்றார். ஒரு வாய். விழுங்கும் வரை மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இறங்கியதும் அவர் வாயைத் திறந்து காட்டினார், சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததைக் காட்டுவது போல. மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். அன்பாகப் பேசினோம், அவர் மனம் மாறிவிட்டது என்று எங்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்வதற்கு ஏற்ற கதை. அப்படி முடியவில்லை.

பனிக்காலம் போய் வெயில் வந்தபோது அவருக்குப் பேச்சு முழுதாக நின்றுவிட்டது. ஆமாம் என்றால் கண்ணை மூடுவது, இல்லை என்றால் மேலே பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். உடம்பு கட்டிலோடு கட்டிலாகச் சுருங்கியது. ஈ உட்கார்ந்தால் விரட்ட முடியாது, அரித்தால் சொல்ல முடியாது. அக்கா ஸ்டோர் வேலையை விட்டுவிட்டார். மதர் மாதம் ஒருமுறையாவது வந்து உட்கார்ந்திருப்பார். சில சமயம் ஜெபம் செய்யட்டுமா என்று கேட்பார். அவர் மேலே பார்த்தால் சும்மா இருந்துவிட்டுப் போவார். கண்ணை மூடினால் ஒரே ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் மட்டும் சொல்வார்.

ஒரு நாள் அவருடைய வயிற்றுப் பிடிப்புக்கு மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி ஊசியை. மறுபடி என்னை.

தெரியாதது போல இருந்துவிட்டிருக்கலாம். வாயில்லாத மனிதர். நான் கவனிக்கவில்லை என்றால் கேட்டதாகவே ஆகாது. ஆனால் அவருடைய நண்பரின் கண் கேட்டது இவருக்குப் புரியாமல் போனதைச் சொல்லியிருக்கிறாரே. நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

“கேக்குறீங்கன்னு தெரியுதுண்ணே. அதைத்தானே கேக்குறீங்க?”

கண்ணை மூடினார்.

“வலியா?”

மேலே பார்த்தார்.

“மூச்சா?”

மேலே பார்த்தார்.

“போதும்னு ஆயிருச்சா?”

கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவேயில்லை.

சரிசெய்வதற்கு ஒன்றுமில்லை. கஞ்சியைக் கெட்டியாக்கவோ தலையணையை உயர்த்தவோ வேண்டிய விஷயமில்லை அது. ஒரு மனிதர் தன் வாழ்க்கையைப் பார்த்து, போதும் என்றார். அவ்வளவுதான். “முடியாதுண்ணே” என்று மறுபடியும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் நோயாளி முன்னால் அழக்கூடாது என்பார்கள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்மேல் இரக்கப்பட்டது போல இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகு மதரிடம், “நமக்கு இதுக்குப் பதில் இல்ல மதர்” என்றேன். “இல்ல” என்றார். “இல்லாத பதிலோட திரும்பத் திரும்பப் போகணும். அதுக்கு ஆள் வேணும்.” பிறகு சேப்பலுக்குள் போனார். நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தேன். அவருக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று அன்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆடி மாத மழையில் அவர் இறந்தார். காலையிலேயே அக்கா போன் செய்தார். மூச்சு மேல்மூச்சாக இருக்கிறது என்று. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில் ஒரு பெரிய மரம் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள். வெட்டுவதற்கு ஆள் வரவில்லை. எங்கள் டிரைவர் மழையில் இறங்கி ஓடி யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து போனில் பேசினேன்.

“அக்கா, நிமிர்த்தி உக்கார வச்சீங்களா?”

“பாப்பா பின்னால உக்காந்து நெஞ்சோட சாச்சுப் புடிச்சிருக்கா சிஸ்டர்.”

“நாக்குல மருந்து விடுங்க. நான் சொன்ன அளவுதான். பயப்படாதீங்க. ஜன்னலத் திறந்து விடுங்க. சாரல் அடிச்சா அடிக்கட்டும்.”

மகள் ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. “அப்பா, நான்தான்ப்பா, நான்தான்” என்று. அவள் கத்தவில்லை. கொஞ்சம் கழித்து அக்கா, “மூச்சு அமந்துருச்சு சிஸ்டர். தூங்குற மாதிரி இருக்காக” என்றார். மழைச் சத்தத்தில் சில வார்த்தைகள் விழவில்லை. பிறகும் போனை யாரும் அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் அவரை இன்னும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கை மரத்துப்போயிருந்தது. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக விடுவித்தேன். முகத்தில் நீலம் ஏறவில்லை. மூச்சு முட்டவில்லை. அவர் பயந்தது நடக்கவில்லை என்பதை அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையசைத்தார், யாரோ யாரைப் பற்றியோ சொல்வதைக் கேட்பது போல.

கல்லறைத் திருநாளுக்கு அக்கா என்னை வரச் சொல்லியிருந்தார். நவம்பர் காற்று. சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். எல்லோரும் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடையது இன்னும் மண்மேடுதான், மரச்சிலுவை மட்டும். மகள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அக்கா புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்.

“உங்ககிட்டக் கேக்குறதுக்கு முன்னால என்கிட்டக் கேட்டாக சிஸ்டர்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“பாப்பா பயந்து ஓடுனா பாத்தீகளா, அன்னைக்கே. எனக்கு ஒரு வழி பண்ணி விடுன்னு. எனக்கு வந்த ஆத்திரத்துல, சாகணும்னா நீயே சாவு, என்னைய ஏன் பாவியாக்குறன்னு கத்திட்டேன். கையத் தூக்க முடியாத மனுசன். நீயே சாவுன்னு சொல்லிட்டேன்.” புல் பிடுங்கிய கையில் மண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்புறம் கூழு குடுத்தேன், குளிப்பாட்டுனேன், எல்லாம் செஞ்சேன். அந்த வார்த்தைய மட்டும் திருப்பி எடுக்கல. எடுத்துருவோம் எடுத்துருவோம்னே இருந்தேன். அவுகளுக்குப் பேச்சு நின்னு போச்சு. பேசாத மனுசன்கிட்டப் போயி என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன்.”

அவர் எல்லாம் மன்னித்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

“அவரு கேட்டதுக்கு நானும் முடியாதுன்னுதான்க்கா சொன்னேன்” என்றேன். “ரெண்டு தடவை.”

“தெரியும். அடுப்படியில நின்னு கேட்டேன். நீங்க மெதுவாச் சொன்னீக.”

மகள் வாளியோடு வந்தாள். மண்ணை நனைத்துத் தட்டிச் சமப்படுத்தினாள். மெழுகுவர்த்திகள் காற்றில் நிற்கவில்லை. ஏற்ற ஏற்ற அணைந்தன. மதர் ஒவ்வொரு கல்லறையாக நின்று எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, “அத மதர்கிட்ட நானே சொல்லிக்கிறேன் சிஸ்டர்” என்றார். சரி என்றேன். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பக்கத்துக் கல்லறையின் செடிக்கு ஊற்றிவிட்டு, மகளோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.